கேளாமல் கிள்ளிய தண்டு: நீலகிரி வீட்டுத் தோட்டங்களை ஆளும் ஒரு விதி

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று சமவெளியில் சொல்வார்கள். அங்கே அது வெறும் நம்பிக்கை. ஏழாயிரம் அடி உயரத்தில் அது இயற்கை விதியாகிறது என்பதை நிறுவுவதே இந்த ஆய்வின் நோக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீட்டு முற்றங்களையும், எஸ்டேட் லைன் வீடுகளின் வாசலில் பெயின்ட் வாளிகளிலும் எண்ணெய் டின்களிலும் நிற்கும் செடிகளையும் பாருங்கள். ஜெரேனியம், ஃபுக்சியா, ஹைட்ரேஞ்சியா என எதுவானாலும், முறையாகக் கேட்டு வாங்கி வந்தவை நோஞ்சானாக நிற்கும். உரிமையாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கிள்ளி வந்தவை கொழுகொழுவென்று படரும். இதைக் கிள்ளல் விதி என்று அழைப்போம்.

விதி செயல்படக் களம் வேண்டும். அந்தக் களம்தான் தோட்டக்காரர்களின் சிநேகப் பேச்சு. அது எப்போதும் மழையில் தொடங்கும். ஊட்டிக்கும் அதன் மேற்கே உள்ள ஊர்களுக்கும் தென்மேற்குப் பருவமழைதான் மழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு கொட்டினால்தான் மழை. ஆகவே ஊட்டிக்காரரும் குன்னூர்க்காரரும் இந்த ஆண்டு நல்ல மழையா இல்லையா என்பதில் ஒருநாளும் ஒத்துப்போக முடியாது. பேச்சு தானாக நீளும். அடுத்து, “நேத்து ராத்திரி பனி விழுந்துச்சா டீச்சர்?” என்று உறைபனிக்கு வரும். அங்கிருந்து கேரட் பாத்தியைத் தோண்டிய முள்ளம்பன்றி, வேலியைச் சாய்த்துவிட்டுப் போன காட்டுமாடு. இத்தனையும் ஆனபின், “இருங்கக்கா, டீ போடறேன்” என்று வீட்டுக்காரர் உள்ளே போவார். இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் தேயிலை சாறு இறங்கச் சென்னையில் ஆவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். அந்தக் கூடுதல் நேரமே கிள்ளுவதற்கான நேரம். சமவெளியில் விதி பலவீனமாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இனி, கிள்ளிய தண்டு ஏன் பிடிக்கிறது? அவசரத்தில் கை எட்டுவது நுனிக்குத்தான். நுனி இளசு, வேர் பிடிக்கத் தூண்டும் ஆக்சின் நுனி மொட்டில் ஊறித்தான் கீழே இறங்குகிறது. கேட்டு வாங்கினாலோ, கொடுப்பவர் தம் செடியின் அழகு கெடாமல் அடியில் முற்றிப்போன கம்பாகப் பார்த்து ஒடித்துத் தருவார். அது பிளாஸ்டிக் பையில் வியர்த்தபடி கோத்தகிரி பஸ்ஸில் போய், இரண்டு நாள் சமையலறை மேடையில் கிடக்கும். கிள்ளியதை யாரும் பார்ப்பதற்குள் மண்ணில் வைத்தாக வேண்டும் என்பதால் அது வாட நேரமில்லை. ஜெரேனியம் ஒன்றுதான் விலக்கு. வெட்டுவாய் சற்றுக் காய்ந்த பிறகு நட்டால் நல்லது. அதற்கும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீடு போய்ச் சேரும் நேரமே போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், கொடுத்த செடியோடு அறிவுரையும் வரும். தினம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், நாமும் ஊற்றுவோம், தண்டு அழுகும். கிள்ளியதற்கு அறிவுரை கிடையாது. மூடுபனி போதும் என்று விட்டுவிடுகிறோம்.

வலுவான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. 1860-ல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து உள்ளூர் எதிர்ப்பை மீறி எடுத்துவந்த சின்கோனாச் செடிகள் ஊட்டிக்குக் குற்றுயிராக வந்து செத்துப்போயின. அதே காலத்தில் ஈக்குவடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்துச் சேகரித்து, ராபர்ட் கிராஸ் 1861-ல் கொண்டுவந்து சேர்த்தவை பிழைத்தன. தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றைப் பதியமும் தண்டும் போட்டுப் பெருக்க, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோப்புகள் எழுந்தன. எனவே கிள்ளியது செத்தது, வாங்கியது வாழ்ந்தது, விதி பொய் என்பார்கள். அவசர முடிவு இது. மார்க்கத்தின் செடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இங்கிலாந்தைச் சுற்றி, செங்கடலின் வெக்கையில் வெந்து, மாதக்கணக்கில் பயணம் செய்தவை. விதி கோருவது உடனடி நடவு. அண்டை வீட்டு வேலிக்கு வகுத்த விதியை இரண்டு பெருங்கடல்களுக்கு அப்பால் நீட்டிவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

குற்றத்தை மண்ணே மறைத்துவிடும் என்பதற்கு ஹைட்ரேஞ்சியா சாட்சி. நீலகிரி மண் புளிப்பானது. தேயிலை செழிப்பதும் அதனால்தான். அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரில் ஏற, பூ நீலமாகிறது. அதே செடியின் தண்டைச் சுண்ணாம்பு கசியும் சிமென்ட் சுவரோரம் வைத்தால் பூ இளஞ்சிவப்பு. நீலப் பூவைப் பறிகொடுத்தவர் மறு ஆண்டு வந்து, இந்த ரோஸ் கலர் எங்கே கிடைத்தது என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு கம்பு ஒடிச்சுக் குடுங்க என்றும் கேட்பார். அதைக் கொண்டுபோய் வைத்தால் அவர் மண்ணில் மறுபடி நீலமாகப் பூக்கும். விவகாரம் அப்போதுதான் சிக்கலாகும். வெள்ளை வகைகள் நிறம் மாறுவதில்லை. அவற்றைத் தவிர்ப்பது நலம்.

கிள்ளி வைத்துச் செத்துப்போனதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அதனால்தான் பிழைத்தவை மட்டும் கணக்கில் வருகின்றன என்று புள்ளியியல் படித்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். ஆனால் பிழைத்ததையும்தான் யாரும் சொல்லிக்கொள்வதில்லை; கேட்டால் மேட்டுப்பாளையம் நர்சரியில் வாங்கியது என்பார்கள். இரண்டு மௌனமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் விதி சேதமின்றி நிற்கிறது.

கிள்ளுவோருக்கு ஒரு வேண்டுகோள்: நாலு விரற்கடை நீளம் போதும், கணுவுக்குச் சற்றுக் கீழே கிள்ளுங்கள், தாய்ச்செடியின் பட்டையைக் கிழிக்காதீர்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்: அரசு தாவரவியல் பூங்காவிலும் ரோஜாப் பூங்காவிலும் இந்த விதி செல்லாது. அங்கே காவலாளி இருக்கிறார். டீ போட உள்ளே போக மாட்டார்.