ரசமான கேள்வி

கேள்வி: நாசிக் வெள்ளை ஒயின் புளிக்குமாமே! நெய்க்குப் பேர்போன எங்க ஊர்ல அதுக்கு எதுங்க ஜோடி?
– ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: நெய் மணக்கும் பருப்புச்சோற்றுக்கு அடுத்து உங்கள் இலையில் என்ன ஊற்றுகிறார்கள்? ரசம்தானே! தமிழ் பைபிளில் ஒயினுக்குப் பெயரே 'திராட்சரசம்'. நாக்கில் படிந்த நெய்ப் பிசுக்கை வழித்தெடுக்க இரண்டு ரசமும் நம்புவது புளிப்பைத்தான்.

நாசிக் வெள்ளை ஒயின்களில் சோவின்யோன் பிளாங் வகை என்றால் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கொஞ்சம் புல்வாசம். மேட்டூர் மீன் வறுவலுக்கு எலுமிச்சை மூடி பிழிய வேண்டாம். அந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மிளகாயை மட்டும் குறையுங்கள், ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும்.

யவனர் கொண்டுவந்த தேறலைக் குடித்து மகிழப் பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய நக்கீரர் (புறநானூறு 56), தொட்டுக்கொள்ள என்ன என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்!