விரிப்பிட இயல்: ஆரணிச் சுற்றுலா வேன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் மலையைப் பார்க்கப் போகிறார்கள் என்றொரு தவறான கருத்து அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. அவர்கள் ஜமுக்காளம் விரிக்கப் போகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம், ஆரணியிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறும் வேன்கள். ஆய்வாளர், அவற்றின் கடைசி சீட்டில் புளியோதரைக் குண்டானை மடியில் தாங்கிப் பலமுறை பயணம் செய்தவர்.

காலம்: அமாவாசை. அன்று தறியில் உட்காராதது நெசவுக்காரர் வழக்கம். சாமி கும்பிட வேண்டிய நாளில் ஊர் சுற்றலாமா என்று கேட்போருக்கு, வழியில் படவேடு ரேணுகாம்பாள் இருக்கிறாள் என்பது விடை.

கருவி: பவானி ஜமுக்காளம். ஆரணிப் பட்டுக்கும் பவானி ஜமுக்காளத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் பட்டு நெய்கிறவர் எவரும் பட்டின் மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காருவதற்கு ஈரோட்டுப் பக்கத்து நூல்தான்.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் பீமன் அருவி. இவ்விரண்டில் எதன் எதிரிலும் எங்கள் ஜமுக்காளம் விரிந்ததே இல்லை. அருவியைப் பார்த்து, நனைந்து, குழந்தைகளை எண்ணிச் சரிபார்த்து, எல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். விரிப்பிடம் தேடத்தான் ஒரு மணி நேரம். நீர்க்கட்சியினர் (பெரும்பாலும் சித்திமார்) கை கழுவும் தூரத்தில் ஓடை வேண்டும் என்பர். எறும்புக்கட்சி எந்த இடத்தையும் குனிந்து பார்த்து மறுக்கும். இறுதித் தீர்ப்பு பெரியப்பாவுடையது. “நெழலு நகரும்டா, இன்னும் மேக்கால போடு” என்பார். அவர் காட்டும் இடத்திலிருந்து தெரிவது வேனின் பின்பக்கம் மட்டுமே.

இதைச் சோம்பல் என்று விளக்கும் எளிய கொள்கையை நான் ஏற்கவில்லை. காரணம் தொழிலில் இருக்கிறது. மூன்று புடவைக்கான பாவு என்றால் நீளம் பதினெட்டு மீட்டரை நெருங்கும். வீட்டுக்குள் அதை இழுத்துக் கட்ட இடமேது? விடியற்காலையில் தெருவில் நீட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். மேடுபள்ளம் கூடாது, காற்று அடிக்கக் கூடாது, மாடு குறுக்கே வரக் கூடாது. பரம்பரையாக இப்படித் தெருவை அளந்த கண்ணுக்கு மலை என்பது சமதளம் குறைந்த ஒரு தெரு. பெரியப்பா தேடியது காட்சியை அல்ல, பாவு போடும் இடத்தை.

வெளிநாட்டு ஒப்பீடு ஒன்று. அமெரிக்கர் 1872-இல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கினர். இன்று அங்கே கூடாரம் அடிப்பதற்கென்றே இடம் குறித்துத் தருகிறார்கள். எண் போட்ட இடத்தில் ஜமுக்காளம் விரிப்பது விரிப்பிட இயலில் சேராது. நம் பக்கம் 1882-இல் வந்தது சென்னை மாகாண வனச் சட்டம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது அதன்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சித்தான் நாம் புளியோதரை கட்டுகிறோம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சட்டத்துக்கு மூத்தது கட்டுச்சோறு.

இரவுத் தங்கல் பற்றி எங்கள் மரபில் தரவு குறைவு. இது ஆய்வாளரை வருத்தும் செய்தி. அதே மலைத்தொடரின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் அந்த வானியலாளரின் பெயரைச் சூட்டினார்கள். தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டம், அதாவது பெரியப்பாவைப் படுக்கவைத்தாலும் மீதி இருக்கும். இருட்டு வேண்டித்தான் வானியலாளர் இம்மலைக்கு வந்தனர். நிலாவே இல்லாத இரவாகப் பார்த்து நெசவாளருக்கு விடுமுறை. இத்தனை பொருத்தம் கல்யாண ஜாதகத்தில்கூட அமையாது. எங்கள் வேனோ ஆறு மணிக்கே இறக்கத்தில் இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஒருமுறை கொண்டை ஊசி வளைவு ஒன்றில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் எதிரே வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு கீழே போய்விட்டார். சாலையோரம் ஜமுக்காளம் விரிந்தது. அன்று இடத்தைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை. மல்லாந்து படுத்தோம். மேலே ஒரு விரல் வைக்க இடமில்லாமல் நட்சத்திரம்.

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார்.

“இவ்ளோ நெருக்கமா புட்டா போட்டா கூலி கட்டாதுடா” என்றார்.