கோட்டையார்

நாச்சியாபுரத்தில் வீட்டுக்கு வீடு விலாசம் உண்டு. இவருக்குக் கோட்டைதான் விலாசம். சென்னையில் தலைமைச் செயலகம் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அங்கே இவருக்கு வேலையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆனால் அங்குள்ள நாமக்கல் கவிஞர் மாளிகையின் பத்து மாடியிலும் 'நம்ம ஆளுக' இருக்கிறார்கள்.

விடிகாலையில் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறும்போது கையில் இரண்டு டின் இருக்கும். ஒன்றில் மணகோலம், மற்றதில் சீப்புச் சீடை. அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பரிசு வாங்கக்கூடாது என்றிருக்கிறதே என்றால், "பலகாரம் எப்படிப் பரிசாகும்? அது பசிக்கு" என்பார். அந்த டின் மந்திரி பக்கமும் போகாது, செயலாளர் பக்கமும் போகாது. தொழில் ரகசியமே அதுதான்.

"கையெழுத்துப் போடுறவகளப் பாத்து என்ன தம்பி செய்ய? குறிப்பு எழுதுறவகளப் பாக்கணும். முதப் பாராவுல 'பரிசீலிக்கலாம்'னு விழுந்துட்டாப் போதும். மேல இருக்கிறவக எல்லாம் அதுக்குக் கீழ பச்சை மையில சுழிச்சுட்டுப் போயிருவாக."

பெரிய கம்பெனிக்காரர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். ஆனால் அவர்கள் டின் தூக்குவதில்லை. சட்டத்துக்குக் கருத்துக் கேட்டால், சட்டத்தையே சுத்தமாகத் தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கோட்டையார் அவ்வளவு தூரம் வளரவில்லை. தட்டச்சு தெரியாது.

தில்லிக்கும் இவர் வர்க்கம் புதிதல்ல. கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-லேயே 'காண்டாக்ட் மேன்' என்று இவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கி, முறையான அங்கீகாரம் இல்லாத ஆட்களோடு அதிகாரிகள் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. கோட்டையாரிடம் இதைச் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது. "அப்பவே எழுதிட்டாகளா?" என்றார்.

2013-தான் கொஞ்சம் ஆட்டிவிட்டது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு சில ஓய்வுபெற்ற அதிகாரிகளும் போட்ட வழக்கில், வாய்மொழி உத்தரவுகளை அதிகாரிகள் எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்று டீக்கடையில் பேப்பரைப் பிடித்தபடியே இருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மறுநாள் தெளிந்து வந்தார். "உத்தரவத்தான எழுதி வைக்கச் சொல்றாக? நான் எங்க உத்தரவு போட்டேன்? சும்மா காதுல போட்டு வைக்கிறேன்."

தன்னை அழகப்பச் செட்டியாரோடு சேர்த்துப் பேசுவதுதான் பொறுக்காது. அழகப்பர் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948 ஜூலையில் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். அரசாங்கத்தின் முடிவை வெளியாள் ஒருவர் இழுத்துக்கொண்டு வந்த கதைதான் அதுவும். ஆனால் கொடுத்தது என்ன, கிடைத்தது என்ன என்று ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் கோட்டையார் ஒத்துக்கொள்வதில்லை. "அவுக ஏக்கர்ல குடுத்தாக. நான் டின்ல குடுக்கிறேன். நெனப்பு ஒண்ணுதான" என்பார்.

ஊருக்குள் மினி பஸ் வந்தபோது, கொண்டுவந்தவர் தாம்தான் என்று சால்வையும் வாங்கிக்கொண்டார். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் சும்மா இராமல், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டான்: இந்த வழித்தடத்துக்குப் பரிந்துரை செய்தவர் யார்? பதில் வந்தது. கோப்பில் எவருடைய பரிந்துரையும் இல்லை.

ஊரே சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. கோட்டையார் அந்தக் கடிதத்தைப் பையனிடமே கேட்டு வாங்கி, காரைக்குடியில் லேமினேஷன் போட்டு, வீட்டு முகப்பில் மாட்டிவிட்டார்.

"பாத்தியாடா தம்பி வேலைய? ஒரு தடயம் விட்டு வச்சிருக்கேனா?"