சில்லுக்குக் கீழே ஒரு சிக்கல்

கேள்வி: நாலு நாள் படுத்து எழுந்தால் எனக்கு முழங்கால் வலி போய்விடுகிறது. விளையாட்டு வீரர்கள் மட்டும் ஏன் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்?

பதில்: உங்களால் படுக்க முடிகிறது, அவர்கள் குதித்தாக வேண்டுமே! குதித்துக் குதித்து நோவது, முழங்கால் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆறுவதில் அது அரசாங்க ஃபைல் மாதிரி. வாலிபால்காரர்கள் பலருக்குச் சில்லின் கீழ்நுனியை விரலால் அழுத்தினாலே 'அம்மா' வந்துவிடும்.

டென்னிஸ் வீரர் நடால் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸையே இந்தத் தசைநாண் வலியால்தான் விட்டார். பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோ கதை இன்னும் கொடுமை. தசைநாணில் அறுவை சிகிச்சை முடித்து, சுமார் ஐந்து மாதம் கழித்து, 2000 ஏப்ரலில் ரோமில் களமிறங்கினார். சில நிமிடங்கள்தான். யாரும் இடிக்கவில்லை, பந்தோடு ஓடும்போதே தசைநாண் அறுந்து விழுந்தார். அதே காலோடு 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல், அதில் இறுதி ஆட்டத்தில் இரண்டு!

வேடிக்கை என்னவென்றால், வெறும் ஓய்வு தசைநாணை இன்னும் சோனியாக்கிவிடும். பளுவோடு மெதுவாக உட்கார்ந்து எழுவதுதான் வைத்தியம், அதுவும் மாதக்கணக்கில். லேசாக வலித்தால்கூட, 'பரவாயில்லை, செய்யுங்கள்' என்பார் பிசியோதெரபிஸ்ட். உடனே குணமாக ஊசி கேட்டால்தான் முறைப்பார்.