லண்டனில் வீதிப் போஜனம்

லண்டன்

அன்பும் மரியாதையும் மிக்க மாமா அவர்களுக்கு, அநேக நமஸ்காரம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கும், இந்த வாரம் ஏலக்காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதற்கும் பதில் எழுதக் கோருகிறேன்.

நம் ஊரான போடியில் பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டி முன்னால் நின்றுகொண்டு, லாரிப் புழுதியையும் முட்டை போண்டாவையும் ஒருங்கே புசிப்பவர்களைக் கண்டால், தெருவில் நின்று தின்கிறவன் குடித்தனத்துக்கு ஆகமாட்டான் என்று தாங்கள் உபதேசிப்பது வழக்கமல்லவா? அந்தத் தெருத் தீனியையே கூரைக்குள் கொண்டுவந்து, மேஜை நாற்காலி போட்டு, உண்ண வருகிறவர்களை மட்டும் மழையில் தெருவிலே வரிசையாக நிறுத்திவைக்கிற ஒரு போஜனசாலைக்கு, ஊர் ஞாபகம் வரும் என்று சொல்லி அலுவலகத்து வெள்ளைக்கார நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார்.

ஞாபகம் வரத்தான் செய்தது. வடநாட்டு லாரிகளின் முதுகில் காணும் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்னும் வாசகத்தைச் சுவர் முழுதும் வர்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். ஹார்ன் அடிக்கத்தான் ஆளில்லை. பலகாரத்தின் அடியில் செய்தித்தாள் மாதிரி அச்சிட்ட புதுத் தாளை விரிக்கிறார்கள். நம் வடைக்கடைக்காரர் கிழித்துத் தரும் பழைய பேப்பரில் ஏதேனும் ஒரு கொலை வழக்கின் பாதியாவது வாசிக்கக் கிடைக்கும். இங்கே அந்த வித்யாலாபமும் இல்லை. பானிபூரி ஒரு தட்டு 7 பவுன், அதாவது 700 ரூபாய்க்கு மேல். அதன் தலையில் சேவைக் கட்டணம் 12.5 சதவீதம். கமிஷன் வியாபாரத்தில் தலை நரைத்த தாங்களே இந்தச் சாமர்த்தியத்தை மெச்சுவீர்கள்.

நம் சமையல் இவ்வூருக்குப் புதிதன்று. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 1810-ல் இங்கே ஹிந்துஸ்தானக் காபி ஹவுஸ் ஒன்றைத் திறந்து, கனவான்களுக்கு ஹூக்காவும் மசாலாப் பதார்த்தங்களும் அளித்து, இரண்டே வருஷத்தில் திவாலானார். 1926-ல் ரீஜண்ட் தெருவில் தோன்றிய வீராசாமி ஹோட்டல் மகாராஜாக்களையும் மந்திரிகளையும் உபசரித்துப் பெயரெடுத்தது. அக்காலத்தவர் தர்பாரை விற்றார்கள், இக்காலத்தவர் தெருவை விற்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் தெருவுக்கே கிராக்கி அதிகம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் கடைசியில் வந்த ஏலக்காய் டீ. ஏலமலைச் சரிவில் பிறந்து, பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்துகிற புகையோடு வளர்ந்து, தரம் பிரிக்கும் பெண்கள் 8 மில்லிமீட்டர்க் காயைக் கண்ணாலேயே அளந்து ஒதுக்குவதைப் பார்த்த இந்த மூக்கு, அந்த டீயை ஏற்க மறுத்தது. விசாரித்ததில், பரிசாரகர் உள்ளே போய் டப்பாவையே கொண்டுவந்து காட்டினார். அதில் குவாதமாலா என்று அச்சிட்டிருந்தது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் அத்தேசத்துக்கு அறிமுகப்படுத்திய இந்தப் பயிர் அங்கே தழைத்து, தாங்கள் அறிந்தபடி, அவர்களையே உலகின் முதல் ஏற்றுமதியாளர்களாக்கி, அரபு நாடுகளில் நம் காயின் விலையை அசைத்துக் கொண்டிருக்கிறது. விளைவிக்கிற அவர்களோ அதைத் தம் சமையலில் சேர்ப்பதே அபூர்வமாம். போடிக்காரனைப் பிடித்து உட்காரவைத்து, குவாதமாலாக் காயில் டீ போட்டு, இது உங்கள் ஊர் வாசனை என்று அந்த நண்பர் பெருமிதத்தோடு சொன்னபோது, நானும் தலையை ஆட்டி வைத்தேன். பணம் கொடுத்தவர் அவராயிற்றே.

தெரிந்தவர் யாரேனும் இப்பக்கம் புறப்பட்டால், நல்ல பச்சைக் காயாகக் கால் கிலோ கொடுத்தனுப்புங்கள். மறுபடி அங்கே போகையில் நாலு காயைச் சட்டைப் பையில் கொண்டுபோய் டீயில் நசுக்கிப் போட உத்தேசம். அதற்கும் சேவைக் கட்டணம் விதிக்கிறார்களா என்று பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்