பட்டாணிக்குச் சாக்லேட் சட்டை

எங்கள் வீட்டுக்குத் தாவரப் புரதப் பொடி டப்பா வந்தால் முதல் மடக்கு எனக்குத்தான். இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. அக்கா மகன் ஜிம்முக்குப் போகிறான். பாலிலிருந்து எடுக்கும் ‘வே’ பொடி அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் எழுந்த ஓசைகளை இங்கே விவரிப்பது நாகரிகமாக இருக்காது. “பிளான்ட் பேஸ்டுக்கு மாறிடு ப்ரோ” என்றாராம் ட்ரெய்னர். மாறிவிட்டான். “மாமா, உங்க நாக்குதான் நம்ம வீட்லயே கறார்” என்று ஷேக்கரை நீட்டுவான். சாம்பாரில் அரைக் கல் உப்பு குறைந்தாலும் கண்டுபிடித்துக் கெட்ட பெயர் வாங்கிய நாக்கு இது. அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

டப்பாவைத் திறந்தால் கால்வாசி காற்று. அளவுக் கரண்டி எங்கே என்று பார்த்தால் பொடிக்கு அடியில் புதைந்து கிடக்கும். முழங்கை வரை கையை விட்டுத் தோண்ட வேண்டும். அன்றைக்கு வேண்டிய புரதத்தில் பாதி தோல் வழியாகவே ஏறியிருக்கும்.

ஃபிளேவர் எதுவும் சேர்க்காத பட்டாணிப் பொடியைத் தண்ணீரில் கலக்கி மூக்கருகே கொண்டுபோனால், ராத்திரி ஊறப்போட்டு மறந்துவிட்ட பட்டாணியின் வாடை. பட்டாணியில் உள்ள கொழுப்பை அதன் சொந்த நொதியே உடைக்கும்போது ஹெக்ஸனால் என்ற பொருள் உண்டாகிறது. வெட்டிய புல்லின் வாசனையிலும் அது உண்டு. விழுங்கிய பிறகு வரும் கசப்புக்குப் பெரும்பாலும் சபோனின் காரணம். நறநறப்புக்கு விஞ்ஞானம் வேண்டாம், பல்லே சொல்லும். பழுப்பரிசிப் பொடி இன்னொரு ரகம்: கழனித்தண்ணியில் வெனிலா எசென்ஸ் விட்ட மாதிரி. எங்கள் ஊர் மாடுகள் கழனித்தண்ணி குடித்தே வளர்ந்தவை. ஒன்றுகூட வெனிலா கேட்டதில்லை. சர்க்கரை இல்லை என்று டப்பாவில் போட்டுக்கொள்ள ஸ்டீவியா சேர்க்கிறார்கள். அந்த இனிப்பு காலையில் வந்து நாக்கோரம் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எழுந்து போகாது.

பட்டாணியையும் அரிசியையும் கலந்து விற்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அமினோ அமிலங்களில் பட்டாணிக்கு மெத்தியோனின் குறைவு, அரிசிக்கு லைசின் குறைவு. சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இதை அம்மாவுக்கு விளக்கினேன். “அரிசியும் பருப்பும் சேர்ந்தா பொங்கல்டா. அதுக்கு எதுக்கு மூவாயிரம் ரூபா?” என்றாள். “பாட்டி, பொங்கல்ல கார்ப்ஸ் ஜாஸ்தி” என்றான் பேரன். “முந்திரி ஜாஸ்தின்னு சொல்லு, ஒத்துக்கறேன்.”

இத்தனை வாடைக்கும் கசப்புக்கும் கம்பெனிகள் கண்டுபிடித்திருக்கும் ஒரே மருந்து சாக்லேட். நன்றாகவே வேலை செய்கிறது. கோகோவின் சொந்தக் கசப்புக்குள் பட்டாணியின் கசப்பு ஒளிந்துகொள்ள, நாக்கு ஏமாந்து பாஸ் மார்க் போட்டுவிடுகிறது. ருசிக்கு மட்டும் பரிசென்றால் சாக்லேட்டுக்குத்தான் கொடுப்பேன். வில்லங்கமும் அங்கேதான்.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் கிளீன் லேபிள் புராஜெக்ட் என்ற அமைப்பு 160 புரதப் பொடிகளைப் பரிசோதித்து வெளியிட்ட அறிக்கையில், வெனிலாவைவிடச் சாக்லேட் பொடிகளில் நான்கு மடங்கு வரை ஈயம். பால் பொடிகளைவிடத் தாவரப் பொடிகளில் மூன்று மடங்கு. ஆர்கானிக் முத்திரை உள்ளவற்றில், அது இல்லாதவற்றைவிட மூன்று மடங்கு. எங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: தாவரம், ஆர்கானிக், சாக்லேட். தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான் பிள்ளை.

செடி மண்ணிலிருந்து சத்தை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. ஈயம், காட்மியம் இருந்தால் அவற்றையும் உறிஞ்சும். தண்ணீர் தேங்கிய வயலில் நெல் ஆர்செனிக்கை இழுத்துக்கொள்ளும். பூச்சிமருந்து தெளிக்காததால் மண்ணிலிருக்கும் ஈயம் வெட்கப்பட்டு வெளியேறிவிடாது. “ஈயச் சொம்புல ரசம் வெச்சே உங்க தாத்தா எண்பது வயசு இருந்தார்” என்று அம்மா குறுக்கிட்டாள். அது வெள்ளீயம்மா, இது காரீயம் என்றேன். நிறத்தை வைத்து எதையும் ஒதுக்கக் கூடாது என்று பதில் வந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 23 பொடிகளையும் பானங்களையும் சோதித்தது. தாவர வகைகளில் சராசரியாகப் பால் வகையைப் போல ஒன்பது மடங்கு ஈயம். பீதியைக் கிளப்ப எனக்கு விருப்பமில்லை. அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் நாளுக்கு 0.5 மைக்ரோகிராம், அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை கருவுறும் வயதுப் பெண்களுக்கு வைத்திருக்கும் வரம்பே 8.8. ஒரு கிளாஸ் குடித்தவர் அப்படியே சாய்ந்துவிட மாட்டார். ஆனால் ஈயம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், இவனோ தினமும் இரண்டு ஷேக்கர் குடிக்கிறவன். இந்த அளவில் என் கறார் நாக்குக்கு அது தெரியவும் தெரியாது. ஈயத்தின் ஓர் உப்பு இனிக்கவே செய்யும். ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி மதுவில் கலந்து, இனிக்கிறதென்று மகிழ்ந்தார்கள்.

சரி, விஷம் கொஞ்சம் இருந்தாலும் புரதமாவது சொன்னபடி இருக்குமா? கேரள மருத்துவர்கள் முன்னின்று செய்து 2024-இல் வெளியான ஆய்வில், இந்தியச் சந்தையின் 36 பொடிகளில் 25-இல் டப்பாவில் எழுதிய புரத அளவு தப்பு. சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும் கிடைத்தது. புரதத்தைக் கூட்டிக் காட்டுவது எளிது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் கெல்டால் என்பவர் வகுத்த முறைப்படி, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வரும். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினாலும் நைட்ரஜன் கூடும்; காகிதத்தில் புரதமும் கூடும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தவர்களுக்கும் இதே கணக்குதான் கைகொடுத்தது.

ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. மருமகன் 60 கிலோ, ஐம்பது கிராம். “அது உங்களுக்கு மாமா. எனக்கு மசில் வேணும்” என்றான். எனக்கு எதுவும் வேண்டாமென்று முடிவே செய்துவிட்டிருக்கிறான்.

பொடி வேண்டும் என்கிறவர்கள் கம்பெனியிடம் அந்தந்த பேட்ச்சின் கன உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கலாம். கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு கம்பெனிக்கு எழுதினேன்: உங்கள் பொடியில் ஒரு கரண்டிக்கு ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு? அன்றைக்கே பதில் வந்தது. ‘அன்பு வாடிக்கையாளரே, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் பொடி இப்போது டபுள் சாக்லேட் சுவையிலும் கிடைக்கிறது.’ கூடவே பதினைந்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்.

மருமகன் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தான். “கூப்பன் எது வரைக்கும் செல்லும், மாமா?”