அளவீட்டுத் திணைக்களத்துக்கு மாளிகாவத்தையிலிருந்து ஒரு முறைப்பாடு

பணிப்பாளர் அவர்கட்கு,
அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம்.

விடயம்: கொழும்பு 10இல் பட்டப்பகலில் நடக்கும் சட்டமீறல்கள்

ஐயா,

1974இல் சட்டம் திருத்தி நாடு மெற்றிக்குக்கு மாறியது. 1995இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து அதை இறுக்கியது. இவ்வளவு காலமாகியும் எங்கள் பகுதியில் றாத்தலும் அடியும் அங்குலமும் பிணையில் வந்தவை போல உலாவுகின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கவே இதை எழுதுகிறேன். என்னையும் சேர்த்துப் பிடிக்கலாம். வானொலி 32 பாகை என்றால் வெயில் என்று விளங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "நூற்றிரண்டு" என்றுதான் டொக்டரிடம் ஓடுவேன்.

முதலில் பரிசோதகர் ஒருவரைப் பக்கத்துப் பஞ்சிகாவத்தைக்கு அனுப்புங்கள். ஏதாவதொரு டயரின் பக்கவாட்டைப் படிக்கச் சொல்லுங்கள்: 185/65 ஆர் 15. அந்த 185 மில்லிமீற்றர், குற்றமில்லை. 15 அங்குலம்! ஒரே ரப்பரில் இரண்டு ராச்சியம். காற்றடிக்கும் பையன் "முப்பதா, முப்பத்திரெண்டா?" என்று கேட்பான், அது சதுர அங்குலத்துக்கு இத்தனை றாத்தல் என்ற கணக்கு, ஒரே மூச்சில் இரண்டு குற்றம். யப்பான் வாகனத்து நட்டைக் கழற்றப் பத்தாம் நம்பர் சாவி, பன்னிரண்டாம் நம்பர் சாவி கேட்பவர்கள் மட்டும் மில்லிமீற்றர் என்ற நினைப்பே இல்லாமல் சட்டத்தை மதிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

அடுத்தது கெத்தாராம மைதானம். 1997இல் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தோமே, அந்த ஆடுகளம் 22 யார். இது நில அளவையாளரின் பழைய சங்கிலி ஒன்றின் நீளம். அந்தச் சங்கிலியின் காற்பங்கைப் பக்கமாக வைத்துச் சதுரம் போட்டால் ஒரு பேர்ச் வரும். ஆக, நாட்டின் உலக சாதனையும் உங்கள் சட்டத்துக்குப் புறம்பான அளவிலேயே நிகழ்ந்திருக்கிறது. 20.12 மீற்றர் என்று ஸ்கோர்கார்டைத் திருத்துவதா, 952ஐ ரத்துச் செய்வதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஆனால் எங்கள் தொடர்மாடிப் பக்கம் மட்டும் தயவுசெய்து வரவேண்டாம். 500 சதுர அடி வீடு என்றால் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். 46 சதுர மீற்றர் என்று சொல்லிப் பாருங்கள், தேநீர் ஆறுமுன் எழும்பிவிடுவார்கள். பேர்ச்சில் சொன்னால் இன்னும் மோசம், இரண்டுகூட வராது. எங்களிடம் இருக்கும் ஒரே பெரிய எண் அந்த ஐந்நூறுதான். காணி விற்பவர்கள் அப்படியா? பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் பேர்ச்சஸ் என்று போடுகிறார்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. கோடிக்கணக்கில் கைமாறும் பொருளுக்குப் பழைய அளவு மரபுரிமையாகிறது. கிராம் கணக்கெல்லாம் எங்கள் அடுப்படியில்தான்.

இனிப் பாண். கடையில் "ஒரு றாத்தல் தாங்க" என்கிறோம். றாத்தல் 453.6 கிராம். 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒரு றாத்தல் பாணின் நிறை 450 கிராம் என்று வர்த்தமானியில் அறிவித்தது, 13.5 கிராம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாமாம். அந்த 13.5 அடுப்புச் சூட்டில் ஆவியானது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச 3.6 எந்த அடுப்பிலும் ஆவியாகவில்லை. றாத்தலைக் கிராமாக்கியபோது காகிதத்தில் உதிர்ந்தது. அளவு மாறும்போது உதிர்வதெல்லாம் ஏன் வாங்குபவன் பக்கமே உதிர்கிறது? 460 என்று மேலே தூக்கி முழுமையாக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாளொன்றுக்கு ஒரு பாண் வாங்கும் வீட்டுக்கு வருடத்தில் 1,314 கிராம் நட்டம், ஏறக்குறைய மூன்று பாண். அதைப் பெற்றுக்கொள்ள எந்தக் கவுண்டருக்கு வரவேண்டும், படிவத்தை ஏ4 தாளில் நிரப்புவதா, 13 அங்குலப் புல்ஸ்கேப்பில் நிரப்புவதா என்பதை அறியத்தரவும்.

இப்படிக்கு,
மாளிகாவத்தைத் தொடர்மாடிவாசி ஒருவர்
(உயரம் 5 அடி 6 அங்குலம், அடையாளத்துக்காக மட்டும்)